ஒரு கவுண்டியின் பேரிடர் அபாயத்தை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற, மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பகுதி) இயற்கைப் பேரிடர் அபாயத்தைக் கணிக்க உட்காரும் பலரும் முதலில் செய்வது ஒன்றுதான். ஃபீமா என்ற கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை அமைப்பின் தேசிய அபாயக் குறியீட்டு வரைபடத்தைத் திறந்து கவுண்டியின் நிறத்தைப் பார்க்கிறார்கள். நீலம் என்றால் நிம்மதி, சிவப்பு என்றால் பதற்றம். வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்தக் குறியீட்டில் பிழை இல்லை. அது எந்தக் கேள்விக்கான விடை என்று தெரியாமல் பார்ப்பதுதான் பிழை. அதனால் இந்த வழிகாட்டியில் அதை எட்டாவது படிக்குத் தள்ளியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். நிறத்தை முதலிலேயே பார்த்துவிட்டால், பிறகு சேகரிக்கும் தகவல் எல்லாம் அதற்கு ஒத்துப்போவது போலவே தோன்றும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு விரிதாள். அதில் பேரிடர் ஒன்றுக்கு ஒரு வரி. பத்திகள் ஆறு: பேரிடரின் பெயர், எத்தனை முறை வந்தது, மிக மோசமாக வந்தது எப்போது, கவுண்டியின் எந்தப் பகுதியில், யாருக்கு அதிகப் பாதிப்பு, இந்த வரியை எவ்வளவு நம்பலாம். கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மதிப்பீட்டைப் படித்து முடிவெடுப்பவருக்கு அதிகம் உதவுவதும் அதுவே.

அடுத்து, கவுண்டியின் பேரிடர் தணிப்புத் திட்டம். 2000-ஆம் ஆண்டின் பேரிடர் தணிப்புச் சட்டப்படி, ஃபீமாவின் தணிப்பு நிதி பெற விரும்பும் உள்ளாட்சிகள் இப்படியொரு திட்டம் வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பெரும்பாலான கவுண்டிகளின் இணையதளத்தில் பல நூறு பக்கக் கோப்பாகக் கிடைக்கும். பக்க அளவைக் கண்டு மிரளாதீர்கள். பழைய நிகழ்வுகள் உள்ள அத்தியாயமும் முக்கியக் கட்டடங்களின் பட்டியலும் போதும்.

1. யாருக்கான மதிப்பீடு என்று எழுதுங்கள்

கவுண்டிக்கு நட்டம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. யாருடைய நட்டம், எத்தனை ஆண்டுகளில் என்று கேட்ட பிறகுதான் கணக்கே தொடங்குகிறது.

30 ஆண்டுக் கடனில் வீடு வாங்கும் குடும்பத்துக்கு ஒரு தெருவும் 30 ஆண்டுகளும்தான் கணக்கு. நிவாரண அமைப்புக்கு அடுத்த பருவத்தில் எத்தனை பேருக்குத் தங்குமிடம் வேண்டும் என்பது கேள்வி. கவுண்டி அலுவலகத்துக்கோ எந்தப் பாலத்தை முதலில் பலப்படுத்துவது என்பது கேள்வி. மூவருக்கும் ஒரே தரவு, மூன்று விடைகள். விரிதாளின் தலையில் ஒரே வாக்கியமாக உங்கள் கேள்வியை எழுதிவிடுங்கள்.

2. சரியான கவுண்டிதானா என்று பாருங்கள்

அற்பமாகத் தோன்றும் படி. ஆனால் இங்கே தவறினால் மேற்கொண்டு செய்வதெல்லாம் வேறொரு கவுண்டியின் மதிப்பீடு. வாஷிங்டன் என்ற பெயரில் 30 மாநிலங்களில் கவுண்டி இருக்கிறது. வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி வேறு, ஃபேர்ஃபாக்ஸ் நகரம் வேறு. அந்த மாநிலத்தில் தனி நகரங்கள் கவுண்டிக்குள் அடங்குவதில்லை. லூயிசியானாவில் பாரிஷ், அலாஸ்காவில் பரோ என்று அழைக்கிறார்கள்.

எனவே பெயரை நம்பாமல் ஃபிப்ஸ் என்ற ஐந்து இலக்க அரசுக் குறியீட்டு எண்ணைக் கொண்டு வேலை செய்யுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த மூன்று கவுண்டி. டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டி 48201. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி 06037.

இந்த இரண்டாவது எண்ணில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். விரிதாள் அதை எண்ணாகக் கருதி முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கி 6037 என்று ஆக்கிவிடும். பிறகு இரண்டு கோப்புகளை இணைத்தால் கலிஃபோர்னியா, அலபாமா, அரிசோனா கவுண்டிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். கோப்பைத் திறக்கும்போதே அந்தப் பத்தியை எழுத்து வடிவமாக அமையுங்கள்.

இன்னொரு பொறி கனெக்டிகட். அங்கே புள்ளிவிவரத்துக்குக் கவுண்டிகளுக்குப் பதிலாக ஒன்பது திட்டமிடல் வட்டாரங்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய தரவும் புதிய தரவும் ஒன்றோடொன்று பொருந்தாது.

3. பேரிடர்ப் பட்டியலை முதலில் விரியுங்கள், பிறகு சுருக்குங்கள்

ஃபீமா 18 வகைகளைக் கணக்கில் எடுக்கிறது: பனிச்சரிவு, கடலோர வெள்ளம், உள்நாட்டு வெள்ளம், கடுங்குளிர், வறட்சி, நிலநடுக்கம், ஆலங்கட்டி, வெப்ப அலை, சூறாவளி, உறைபனிப் புயல், நிலச்சரிவு, மின்னல், பலத்த காற்று, டொர்னாடோ (நிலத்தில் சுழன்று வரும் கடுங்காற்று), சுனாமி, எரிமலை, காட்டுத்தீ, குளிர்காலப் பனிப்பொழிவு. பதினெட்டையும் எழுதி, பொருந்தாதவற்றைக் காரணத்தோடு அடியுங்கள். அயோவாவுக்குச் சுனாமி வேண்டாம். காரணம் ஒரு சொல்லில் முடிந்துவிடும். காரணம் எழுத முடியாத வரியை அடிக்கக் கூடாது.

யாருக்கும் நினைவில்லை என்பது காரணம் ஆகாது. மெம்ஃபிஸ் நகரம் உள்ள டென்னசியின் ஷெல்பி கவுண்டியில் நிலநடுக்கத்தைப் பலர் அடித்துவிடுவார்கள். அருகிலுள்ள நியூ மாட்ரிட் பிளவுப் பகுதி 1811–1812 குளிர்காலத்தில் அடுத்தடுத்துப் பெரும் நடுக்கங்களைத் தந்தது. வாஷிங்டன், ஒரிகன் கடற்கரைக்கு அப்பால் உள்ள கஸ்கேடியா பிளவில் கடைசிப் பெரும் நடுக்கம் வந்தது 1700 ஜனவரியில். அரிதாக வருவது பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். அதன் எடையைப் பிறகு தீர்மானிக்கலாம்.

பதினெட்டில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அணை உடைப்பு. ராணுவப் பொறியாளர் பிரிவு பராமரிக்கும் தேசிய அணைப் பட்டியலில் உங்கள் கவுண்டியை மட்டுமல்ல, ஆற்றின் மேல்திசைக் கவுண்டிகளையும் பாருங்கள். தண்ணீருக்கு எல்லைக்கோடு தெரியாது. அதில் ‘உயர் ஆபத்து’ என்ற வகைப்பாட்டைக் கண்டு அணை பழுதாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்பதே அதன் பொருள். அணையின் உடல்நிலை தனிப் பத்தியில் இருக்கும்.

4. பழைய பதிவுகளைத் தோண்டுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. தவறுகள் மலிந்த படியும் இதுவே.

முதன்மையான ஊற்று, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் புயல் நிகழ்வுத் தரவுத்தளம். கவுண்டி வாரியாகத் தேடலாம். ஆனால் அது எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொண்டு தேட வேண்டும். 1950 முதல் 1954 வரை அதில் டொர்னாடோ மட்டுமே பதிவானது. 1955-இல் இடிமழைக் காற்றும் ஆலங்கட்டியும் சேர்ந்தன. மற்ற வகைகள் எல்லாம் 1996 முதல்தான். இதை அறியாமல் வரைபடம் போட்டு, 1996-க்குப் பிறகு பேரிடர்கள் திடீரெனப் பெருகின என்று எழுதுகிறார்கள். அங்கே பெருகியது பதிவு. எந்த வகையையும் அது பதிவாகத் தொடங்கிய ஆண்டிலிருந்து மட்டும் எண்ணுங்கள்.

அடுத்தது மண்டலச் சிக்கல். டொர்னாடோ, திடீர் வெள்ளம் போன்றவை கவுண்டியின் பெயரில் பதிவாகின்றன. வெப்பம், வறட்சி, பனிப்புயல் போன்றவை வானிலை முன்னறிவிப்பு மண்டலத்தின் பெயரில் பதிவாகின்றன. மண்டலத்தின் எல்லை பல இடங்களில் கவுண்டியின் எல்லையோடு பொருந்துவதில்லை. ஒரே கவுண்டி சில மண்டலங்களாகப் பிரிந்தும் கிடக்கும். கவுண்டியை மட்டும் தேடினால் வெப்ப அலையே வராத ஊர் போலத் தெரியும். மண்டலப் பதிவுகளையும் சேர்த்தே தேடுங்கள்.

மொத்தக் கோப்பைத் தரவிறக்குவோர் சேதப் பத்தியைக் கவனிக்க வேண்டும். அதில் 25 ஆயிரம் டாலர் என்பது ‘25.00கே’ என்றும், 15 லட்சம் டாலர் ‘1.50எம்’ என்றும் எழுத்தாக இருக்கும். அப்படியே வரிசைப்படுத்தினால் 25 ஆயிரம் மேலேயும் 15 லட்சம் கீழேயும் போய் உட்காரும். முதலில் எண்ணாக மாற்றி, பிறகு பணவீக்கத்துக்கேற்பத் திருத்துங்கள். 1998-இன் டாலரையும் இன்றைய டாலரையும் கூட்டினால் பழைய புயல்கள் எல்லாம் சிறியவையாகிவிடும்.

சேதப் பத்தி காலியாக இருந்தால் சேதமே இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். யாரும் மதிப்பிடவில்லை என்பதும் அதற்குள் அடக்கம். அதேபோல் பல கவுண்டிகளைக் கடந்த ஒரே டொர்னாடோ, கவுண்டிக்கு ஒன்றாகத் துண்டு துண்டாகப் பதிவாகியிருக்கும். பல கவுண்டிகளைச் சேர்த்துக் கூட்டும்போது ஒன்றே இரண்டு மூன்றாகிவிடும்.

கூட்டாட்சிப் பேரிடர் அறிவிப்புகளின் பட்டியல் 1953 முதல் கிடைக்கிறது. அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அளவுகோலாக வைக்கக் கூடாது. ஆளுநர் கேட்டு, குடியரசுத் தலைவர் ஒப்புக்கொண்டால்தான் அறிவிப்பு. உள்ளூரே சமாளித்துக்கொண்ட வெள்ளம் அதில் இடம்பெறாது.

கடைசியாக, தரவுத்தளங்கள் தொடங்கும் முன்னால் நடந்தவை. வட கரோலினாவின் பன்கோம் கவுண்டியைப் பாருங்கள். கடலிலிருந்து வெகு தொலைவில் மலைநாடு; ஆஷ்வில் நகரம் அங்கேதான் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி ஃபுளோரிடாவில் கரையேறியது. நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்த அதன் மழை, ஃப்ரெஞ்ச் பிராட் ஆற்றை ஊருக்குள் தள்ளியது. யாரும் எதிர்பாராதது என்றார்கள். 1916 ஜூலையில் அதே ஆறு அதே ஊரை மூழ்கடித்திருந்தது. 1950-இல் தொடங்கும் பதிவுக்குள் மட்டும் தேடுபவருக்கு அது கண்ணில் படாது. கவுண்டியின் தணிப்புத் திட்டம், நூலகத்தின் பழைய செய்தித்தாள், ஆற்றளவு நிலையத்தின் உச்ச நீர்மட்டப் பட்டியல் மூன்றையும் பார்த்துவிட்டே இந்தப் படியை முடியுங்கள்.

5. இனி எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுங்கள்

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற பெயர் நிறையப் பேரைக் கெடுத்திருக்கிறது. ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் நூறாண்டுக்கு வராது என்று நினைக்கிறார்கள். எந்த ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு 30 ஆண்டுகளில் சுமார் 26 சதவீதம். அதாவது நான்கில் ஒன்றுக்கும் சற்று மேல். வீட்டுக் கடன் காலம் முழுவதற்குமான இந்த எண்ணையே எழுதுங்கள். படிப்பவருக்கு அதுதான் உறைக்கும்.

ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் ஏ, வி என்று தொடங்கும் மண்டலங்கள் இந்த 1 சதவீதப் பகுதிகள். எக்ஸ் மண்டலம் அதற்கு வெளியே. எக்ஸ் என்றால் வெள்ளமே வராது என்று படிப்பது மிகப் பரவலான தவறு. 2017-இல் ஹார்வி சூறாவளியின்போது ஹாரிஸ் கவுண்டியில் வெள்ளம் புகுந்த வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை 1 சதவீத மண்டலத்துக்கு வெளியே இருந்தன. அந்த வரைபடங்கள் ஆற்றையும் கடலையும் முதன்மையாகக் கொண்டவை. வடிகால் நிரம்பித் தெருவில் தேங்கும் மழைநீரை அவை சரியாகக் காட்டுவதில்லை.

வரைபடத்தின் ஓரத்தில் அது நடைமுறைக்கு வந்த தேதி இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹார்விக்குப் பிறகு, 2018-இல், டெக்சாஸுக்கான மழையளவுக் கணக்கை நோவா திருத்தியது. ஹூஸ்டன் பகுதியில் நூறாண்டு மழை என்று கொள்ளப்பட்ட 24 மணி நேர அளவு சுமார் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலம் வரை உயர்ந்தது. பழைய மழையளவில் வரைந்த வரைபடம் அதன்பிறகு எதைச் சொல்கிறது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

நிலநடுக்கத்துக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் வரைபடம். அது பெரும்பாலும் 50 ஆண்டுகளில் 2 சதவீத வாய்ப்பு என்ற கணக்கில் வரும். வெள்ளத்தின் 1 சதவீதத்தோடு இதை நேராக ஒப்பிடாதீர்கள். இது ஏறத்தாழ 2,500 ஆண்டுக்கு ஒருமுறை வரும் குலுக்கல். காட்டுத்தீக்கு வனத்துறையின் கவுண்டி வாரியான அபாய வரைபடங்கள் உண்டு. அவற்றிலும் காடு இல்லாத இடம் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. 2021 டிசம்பர் 30 அன்று கொலராடோவின் போல்டர் கவுண்டியில், நடுக்குளிர்காலத்தில், காய்ந்த புல்வெளித் தீ புறநகர்க் குடியிருப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது.

6. ஆபத்தின் பாதையில் என்ன இருக்கிறது

வெறும் பாலைவனத்தில் ஆறு பெருகினால் அது செய்தி. ஊருக்குள் பெருகினால் பேரிடர். வீடுகள், மக்கள், பயிர்கள் எங்கே இருக்கின்றன என்பதை வரைபடத்தில் ஆபத்துப் பகுதியின் மேல் வைத்துப் பாருங்கள். மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், குடிநீர் நிலையம், முதியோர் இல்லம், வெளியேறும் சாலைகள் ஆகியவற்றைத் தனியாகக் குறியுங்கள்.

சாலைகளை எண்ணாமல் விடாதீர்கள். 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பியூட் கவுண்டியில் பாரடைஸ் ஊரை எரித்த கேம்ப் தீயில் 85 பேர் இறந்தார்கள். மலைமுகட்டில் இருந்த ஊரிலிருந்து வெளியேறச் சில சாலைகளே இருந்தன. அவையும் வாகனங்களால் அடைத்துக்கொண்டன.

இந்தப் படியில் கவுண்டி என்ற அலகை உடைக்க வேண்டும். சான் பெர்னார்டினோ கவுண்டியின் பரப்பு 20,000 சதுர மைலுக்கு மேல். நியூ ஜெர்சி, கனெக்டிகட், டெலவேர், ரோட் ஐலண்ட் நான்கையும் சேர்த்தாலும் அதைவிடச் சிறியவை. பாலைவனமும் காட்டு மலையும் நெருக்கமான நகரமும் உள்ள இடத்துக்குச் சராசரி சொல்வதில் பயனில்லை. கணக்கெடுப்புத் துறையின் சிறு வட்டாரங்கள் அளவுக்கு இறங்குங்கள். வீடு வாங்குபவர் என்றால் மனை அளவுக்கே இறங்க வேண்டும்.

7. ஆபத்தின் பாதையில் யார் இருக்கிறார்கள்

ஒரே தெருவில் ஒரே வெள்ளம் இரண்டு வீடுகளை ஒரே மாதிரி தாக்குவதில்லை. கார் இல்லாதவர், தனியாக வாழும் முதியவர், ஆங்கில எச்சரிக்கை புரியாதவர், நடமாடும் வீட்டில் இருப்பவர் ஆகியோருக்குப் பாதிப்பு அதிகம், மீள்வதும் கடினம். கேம்ப் தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சமூகப் பாதிப்புக் குறியீடு 16 அளவைகளைக் கொண்டு இதைக் கவுண்டி, வட்டாரம் இரண்டுக்கும் தருகிறது. அதில் நாடு முழுவதற்குமான வரிசை ஒன்று, மாநிலத்துக்குள்ளான வரிசை ஒன்று என இரண்டு கோப்புகள் உண்டு. இரண்டையும் கலந்துவிட்டவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மாநிலத்துக்குள் கடைசியில் நிற்கும் கவுண்டி நாட்டளவில் நடுவில் இருக்கலாம்.

டாலர் கணக்கில் அகப்படாத வெப்பத்தை இங்கேதான் பிடிக்க முடியும். அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் 2023-இல் வெப்பம் தொடர்பான இறப்புகள் 645 என்று அந்தக் கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறை உறுதிசெய்தது. எந்தக் கூரையும் பறக்கவில்லை. சொத்துச் சேதத்தை மட்டும் கூட்டுபவரின் விரிதாளில் அந்த வரி ஏறத்தாழப் பூஜ்யம். உயிரும் டாலரும் தனித்தனிப் பத்திகளில் இருக்கட்டும்.

8. இப்போது குறியீட்டைத் திறக்கலாம்

ஃபீமாவின் குறியீடு மூன்று உறுப்புகளால் ஆனது: ஆண்டுக்கு எதிர்பார்க்கும் சராசரி இழப்பு, சமூகப் பாதிப்பு, மீள்திறன். முதல் இரண்டு உயர்ந்தால் அபாயம் உயரும். மூன்றாவது உயர்ந்தால் குறையும். உயிரிழப்பையும் அது டாலராக மாற்றிச் சேர்க்கிறது. ஓர் உயிருக்கு வைக்கும் மதிப்பு ஒரு கோடி டாலருக்கு மேல்.

கிடைக்கும் மதிப்பெண், மற்றக் கவுண்டிகளோடு ஒப்பிட்ட நிலை. 80 என்றால் நூற்றுக்கு எண்பது கவுண்டிகளைவிட அதிகம் என்று பொருள். 40-ஐப் போல இரண்டு மடங்கு அபாயம் என்று எழுதாதீர்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி பட்டியலின் உச்சியில் இருக்கிறது. நிலநடுக்கமும் தீயும் அங்கே மெய்யானவைதான். ஆனால் ஏறத்தாழ ஒரு கோடிப் பேரும் அவர்களின் சொத்தும் ஒரே கவுண்டியில் இருப்பதால்தான் மொத்த இழப்பு அவ்வளவு பெரிதாகிறது. ஆளில்லாத கவுண்டியில் ஆபத்து எவ்வளவு இருந்தாலும் மொத்தம் சிறிதாகவே வரும். ஒரு குடும்பத்துக்காகப் பார்ப்பவர்கள் மொத்த இழப்பை விட்டு இழப்பு விகிதத்தைப் பாருங்கள்; அதாவது இருக்கும் மதிப்பில் ஆண்டுக்கு எவ்வளவு பங்கு போகிறது என்பது. அந்தப் பத்தி தரவுக் கோப்பிலேயே உண்டு.

மொத்த மதிப்பெண்ணைக் கடந்து, ஒவ்வொரு பேரிடரின் வரியையும் உங்கள் விரிதாளோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத இடங்களைப் பிடித்து, ஏன் என்று துருவுங்கள். காரணம் உங்கள் தவறாக இருக்கலாம். குறியீட்டின் குறுகிய பதிவுக்காலமாகவும் இருக்கலாம். ‘பொருந்தாது’, ‘போதிய தரவு இல்லை’, ‘மிகக் குறைவு’ ஆகிய மூன்றும் வேறு வேறு, மூன்றையும் பூஜ்யமாக்கிவிடாதீர்கள்.

9. தெரிந்தவரிடம் கேளுங்கள்

கவுண்டியின் அவசரகால மேலாண்மை அலுவலகத்துக்கு எழுதுங்கள். ‘உங்கள் கவுண்டி பாதுகாப்பானதா?’ என்று கேட்டால் பொதுவான பதிலே வரும். எந்தச் சாலை முதலில் மூழ்கும், எந்தப் பகுதிக்கு எச்சரிக்கை போய்ச் சேராது, கடந்த முறை எங்கே மின்சாரம் கடைசியாகத் திரும்பியது என்று கேளுங்கள். இந்த விடைகள் எந்தத் தரவுத்தளத்திலும் கிடையாது.

10. முடிவை எழுதுதல், மீண்டும் திறத்தல்

ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பேரிடர்களை ஒரே எண்ணாகக் கூட்டாதீர்கள். ஆண்டுதோறும் வரும் சிறு ஆலங்கட்டியும் ஒருமுறை வந்து ஊரையே சாய்க்கும் நிலநடுக்கமும் ஒரே சராசரி இழப்பைக் காட்டலாம்; ஆனால் முதலாவதற்குக் கூரைப் பராமரிப்பு போதும், இரண்டாவதற்கு அஸ்திவாரத்தையே பார்க்க வேண்டும். அடிக்கடி வருபவை ஒரு குழு, அரிதாக வந்து அழிப்பவை ஒரு குழு என்று பிரித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நம்பகத்தையும் தரவின் தேதியையும் போடுங்கள்.

குடும்பத்துக்கான மதிப்பீடு என்றால் காப்பீடு பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்பதில்லை. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர். பொதுவாக வாங்கி 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பதால், புயல் பெயர் செய்தியில் வந்த பிறகு ஓடிப் பயனில்லை.

தணிப்புத் திட்டமோ வெள்ள வரைபடமோ புதிதாக வந்தால் கோப்பை மறுபடி திறங்கள். பெரிய தீ எரிந்தால் உடனே திறக்க வேண்டும். எரிந்த மலைச்சரிவு நீரை உறிஞ்சாது. முன்பு தாங்கிய மழையே மண்ணையும் பாறையையும் இழுத்துவரும். 2017 டிசம்பரில் தாமஸ் தீ எரிந்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆனபோது, 2018 ஜனவரி 9 அன்று சான்டா பார்பரா கவுண்டியின் மான்டசீட்டோவில் வந்த சேற்று வெள்ளத்தில் 23 பேர் இறந்தார்கள். தீ அணைந்த வாரத்திலேயே வெள்ளம், நிலச்சரிவு ஆகிய இரண்டு வரிகளையும் திருத்தி, எரிந்த சரிவுக்குக் கீழே உள்ள தெருக்களின் பட்டியலை அதனுடன் இணைத்துவிடுங்கள்.